அடக்குவதும் அடக்கப்படுவதும்

மாத்திரை வேண்டாம், கத்தி வேண்டாம், காசு செலவும் கிடையாது. ஒழுங்காகச் செய்தால் பலருக்கு நல்ல பலன் தெரிகிறது. உலகம் முழுக்க மருத்துவ வழிகாட்டு நெறிகள் முதலில் செய்து பார்க்கச் சொல்வதும் இதைத்தான். இப்படி ஒரு சிகிச்சை இருந்தும், நான் வேலை செய்யும் காலனிகளில் அதைக் கேள்விப்பட்ட ஒரு பெண்ணைக்கூட இதுவரை சந்தித்ததில்லை.

சிறுநீரை அடக்க முடியாமல் அவதிப்படுகிறவர்களுக்கான பயிற்சிச் சிகிச்சையைச் சொல்கிறேன். இட ஒதுக்கீடு, ஆணவக்கொலை, பஞ்சமி நிலம் என்று பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒண்ணுக்குப் போவதைப் பற்றி எதற்கு என்று சில தோழர்களுக்குத் தோன்றலாம். கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் பையன்கள் சிரிக்கிறார்கள், பெண்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அந்தச் சிரிப்பும் குனிவும் சேர்ந்துதான் நம் அம்மாக்களை வருடக்கணக்கில் பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு நடமாட வைத்திருக்கின்றன. வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள்.

வீடு வீடாகப் போகும்போது பெண்கள் இதை நேரடியாகச் சொல்வதில்லை. இடுப்பு வலி என்று தொடங்குவார்கள். பிரஷர், சர்க்கரை எல்லாம் பேசி முடித்து நாம் கிளம்பும் நேரத்தில் வாசல் வரை வந்து, குரலைத் தாழ்த்தி, "இருமுனா கொஞ்சம் வந்துடுதும்மா" என்பார்கள். இன்னொருவர், "குழாய்ச் சத்தம் கேட்டாலே முட்டிக்கிட்டு வருது, போறதுக்குள்ள நனைஞ்சிடுது" என்பார். இரண்டும் ஒரே தொல்லை போலத் தெரிந்தாலும் வேறு வேறு.

முதலாவது அழுத்தக் கசிவு. இருமல், தும்மல், சிரிப்பு, கனம் தூக்குவது என்று வயிற்றில் அழுத்தம் ஏறும்போது சிறுநீர் சிந்திவிடும். சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழேயிருந்து தொட்டில் போலத் தாங்கி நிற்கும் இடுப்படித் தசைகள் தளர்ந்துபோவது இதற்கு முக்கியமான காரணம். இரண்டாவது அவசரக் கசிவு. சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே அதன் சுவரில் உள்ள தசை தானாகச் சுருங்கத் தொடங்கிவிடும். திடீரென்று முட்டும். பகலில் அடிக்கடி போக வேண்டியிருக்கும், ராத்திரித் தூக்கமும் போய்விடும். கசிவே இல்லாமல் இந்த அவசரமும் அடிக்கடி போவதும் மட்டும் இருந்தாலும் அது நோய்தான். டாக்டர்கள் 'ஓவர் ஆக்டிவ் பிளாடர்' என்பார்கள். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

பிரசவம், மாதவிடாய் நிற்கும் வயது, உடல் பருமன், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் என்று மருத்துவப் புத்தகங்கள் காரணங்களை வரிசைப்படுத்துகின்றன. கனம் தூக்கும் வேலையும் அந்த வரிசையில் உண்டு. கனம் தூக்குகிறவர்கள் யார் என்று புத்தகத்தில் இருக்காது. அதை நாம்தான் எழுத வேண்டும். செங்கல் சூளையில் கல் சுமப்பவர், கட்டட வேலையில் கலவைச் சட்டி தூக்கும் சித்தாள், சேற்றில் நாற்றுக்கட்டு தூக்கி நடப்பவர், குப்பை வண்டி தள்ளும் தூய்மைப் பணியாளர். இவர்களில் பெரும்பாலோர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பிரசவம் ஆன சில வாரங்களிலேயே வேலைக்குத் திரும்ப வேண்டியவர்களும் இவர்கள்தான். ஓய்வு தேவைப்படும் தசையின் மேல் சுமையை ஏற்றுகிறோம்.

துணிந்து ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அங்கே கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. "வயசானா அப்படித்தாம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால், "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்பார்கள். கர்ப்பப்பை இறங்கியிருந்தால் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். அதைப் பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும். சிறுநீர்க் கசிவுக்கு மட்டுமான வைத்தியமாகக் கர்ப்பப்பையை எடுப்பது எந்த நெறியிலும் இல்லை. மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்த செய்தி 2019ஆம் ஆண்டில் நாட்டையே உலுக்கியது. மாநில அரசு விசாரணைக் குழு போட வேண்டியிருந்தது. உழைக்கும் பெண்ணின் அடிவயிற்றுத் தொல்லைக்குக் கத்தி முதலில் வருவதும் பயிற்சி வராமலே போவதும் எப்படி என்று யோசியுங்கள். கத்திக்குக் கட்டணம் உண்டு. பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது.

அந்தப் பயிற்சி என்னவென்று சொல்கிறேன். வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குக் கவனமாகப் படியுங்கள்.

முதல் வேலை மூன்று நாள் கணக்கு எழுதுவது. எத்தனை மணிக்கு என்ன குடித்தோம், எப்போது போனோம், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். எழுதத் தெரியாத அம்மாவுக்கு மகளோ மகனோ குறித்துக்கொடுக்கலாம், இல்லையென்றால் கோடு போட்டுக்கொள்ளலாம். இந்தக் கணக்கிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். நாளைக்கு ஆறேழு டீ குடிக்கிறவருக்கு அந்த டீயே சிறுநீர்ப்பையைக் கிளறிவிடுவது தெரியவரும். சோற்றுக்குப் பதில் டீ குடித்துப் பசியை அடக்கும் வேலைத்தளங்களில் இது சாதாரணம்.

அவசரக் கசிவுக்கு அடுத்தது சிறுநீர்ப்பைப் பயிற்சி. இப்போது மணிக்கு ஒருமுறை போகிறவர், ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கடிகாரம் பார்த்துப் போகத் தொடங்குவார். ஒரு வாரம் பழகியதும் இன்னும் கால் மணி நேரம் கூட்டுவார். இப்படியே மூன்று மணி நேர இடைவெளி வரை கொண்டுபோகலாம். குறைந்தது ஆறு வாரம் விடாமல் செய்ய வேண்டும். இடையில் திடீரென்று முட்டினால் ஓடக் கூடாது. ஓடினால் கசிவு அதிகமாகும். அப்படியே நின்றோ உட்கார்ந்தோ, இடுப்படித் தசையை ஐந்தாறு முறை வேகமாக இறுக்கி விட வேண்டும். கவனத்தை வேறொன்றில் திருப்ப வேண்டும். அலை போல வந்த அவசரம் அலை போலவே இறங்கும். இறங்கிய பிறகு நிதானமாக நடந்து போகலாம்.

இரு வகைக் கசிவுக்கும் உதவுவது இடுப்படித் தசைப் பயிற்சி. 1948ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதிய அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் பெயரால் இதைக் கீகல் பயிற்சி என்கிறார்கள். நாலு பேர் நடுவில் வாயு பிரியாமல் அடக்குவோமே, அப்போது இறுகுகிற தசைதான் அது. அதை உள்ளே, மேலே இழுப்பது போல இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். எட்டு முதல் பத்து முறை செய்தால் ஒரு சுற்று. நாளைக்கு மூன்று சுற்று. மூச்சைப் பிடிக்கக் கூடாது. வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது. பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டும் செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. கூடையைத் தலைக்கு ஏற்றும் முன், இருமல் வரும் முன், ஒரு நொடி இந்தத் தசையை இறுக்கிக்கொள்வது நல்ல பழக்கம். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். சரியான தசையைத்தான் இறுக்குகிறோமா என்று பார்த்துச் சொல்ல ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தால் பலன் கூடும்.

இது பாட்டி வைத்தியம் இல்லை. அவசரக் கசிவு உள்ள 55 வயதுக்கு மேற்பட்ட 197 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. பயிற்சி பெற்றவர்களுக்குக் கசிவு சுமார் 81 சதவீதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 69 சதவீதமும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 39 சதவீதமும் குறைந்தது. அழுத்தக் கசிவு பற்றிப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வில், இடுப்படிப் பயிற்சி செய்த பெண்களில் 56 சதவீதம் பேர் குணமாகிவிட்டதாகச் சொன்னார்கள். எதுவும் செய்யாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 6 சதவீதம். மாத்திரைகளுக்கு வாய் உலர்வது, மலச்சிக்கல் என்று பக்கவிளைவுகளும் உண்டு. வெயிலில் வேலை செய்யும் பெண்ணுக்கு வாய் உலர்வது சின்ன விஷயமா?

இதுவரை படித்ததில் ஒன்றைக் கவனித்தீர்களா? இந்தச் சிகிச்சையின் ஒவ்வொரு படியிலும் ஒரு கழிப்பறை இருக்கிறது. ஒன்றேகால் மணி நேரம் ஆனதும் போக ஒரு கழிப்பறை. அவசரம் இறங்கியதும் நிதானமாக நடந்து போக ஒரு கழிப்பறை. நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், வெயிலில் வேலை என்றால் இன்னும் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். குடித்தால் போக வேண்டும். கழிப்பறை எட்டும் தூரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் மொத்தச் சிகிச்சையும் எழுதப்பட்டிருக்கிறது.

நம் பெண்களுக்கு அடக்கத் தெரியாது என்று நினைக்காதீர்கள். அவர்கள் காலை ஐந்து மணிக்குப் போனால் இருட்டிய பிறகு போகும் வரை அடக்கிப் பழகியவர்கள். பயிற்சியில் அடக்குவது வேறு, இது வேறு. பயிற்சியில் கடிகாரம் அவள் கையில் இருக்கிறது. கால் மணி நேரம் தள்ளிப்போட முடிவெடுப்பவள் அவள். வேண்டாம் என்றால் உடனே போகவும் இடம் இருக்கிறது. வேலைத்தளத்தில் கடிகாரம் மேஸ்திரி கையில் இருக்கிறது. அங்கே அவள் அடக்குவதில்லை, அடக்கப்படுகிறாள். போக இடமில்லாமல் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து, சிறுநீர்ப்பையை உறுத்துகிறது. மணிக்கணக்கில் தேங்கினால் கிருமித் தொற்று வருகிறது. அடுத்து எப்போது இடம் கிடைக்குமோ என்ற பயத்தில், முட்டாவிட்டாலும் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் ஒருமுறை, பஸ் ஏறும் முன் ஒருமுறை என்று போய்ப் போய், கொஞ்சம் நிறைந்ததுமே கூப்பிடும்படி சிறுநீர்ப்பை பழகிவிடுகிறது. சரிப்படுத்தும் பயிற்சி கெடுக்கும் பழக்கத்தோடு போட்டி போட முடியாது.

உப்பளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு புதர்கூடக் கிடையாது. குப்பை லாரி போகும் வழியில் தூய்மைப் பணியாளர் எந்த வீட்டு வாசலில் நின்று கேட்க முடியும்? ஊரின் கழிப்பறையைக் கழுவுகிறவருக்கு அதே கழிப்பறையைப் பயன்படுத்தச் சம்மதம் கிடைப்பதில்லை. கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் கை தூக்கி நிற்க வேண்டிய ஆலைகள் இருக்கின்றன. நூறு நாள் வேலைக்காக 2005இல் வந்த சட்டம் வேலைத்தளத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி என்று பட்டியல் போட்டது. கழிப்பறையை அந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள். காலனியைச் சுற்றியுள்ள வயலும் வரப்பும் யாருடையவை என்பதைப் பொறுத்துத்தான் நம் பெண்கள் எந்தப் பக்கம் ஒதுங்கலாம் என்பதும் முடிவாகிறது. அங்கே அவர்களைத் துரத்துவது வெறும் வசை மட்டும் இல்லை, சாதிப் பெயரும் சேர்ந்தே வரும்.

1927இல் மகத் நகரில் பொதுக்குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிக்கும் உரிமைக்காக அண்ணல் அம்பேத்கர் மக்களைத் திரட்டிப் போனார். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. தண்ணீருக்கான போராட்டம் முடியவில்லை. குடித்த தண்ணீரைக் கௌரவமாக வெளியேற்றும் உரிமையும் அதே போராட்டத்தின் மறுபாதிதான் என்கிறேன்.

பெண்கள் இதைக் கையில் எடுத்தால் நடக்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் உதாரணம் இருக்கிறது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் நாள் முழுக்க ஒண்ணுக்குப் போக இடமில்லாமல், தண்ணீர் குடிக்காமல் நின்றார்கள். தையல் தொழிலாளியான விஜி முன்னின்று அவர்களைப் 'பெண்கூட்டு' என்ற பெயரில் திரட்டினார். கழிப்பறைக்காகத் தொடங்கிய குரல் உட்காரும் உரிமைக்கான போராட்டமாக வளர்ந்து, 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாட்டிலும் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை சட்டமானது. கழிப்பறையைப் பொறுத்தவரை, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே தொழிலாளர் வேலையிடத்தில் இருக்கும் எந்த நேரத்திலும் போகக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. 'எந்த நேரத்திலும்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கை தூக்கி அனுமதி கேட்க வைப்பது அந்த வார்த்தைக்கு எதிரானது.

இங்கே இரண்டு பக்கமிருந்தும் மறுப்பு வரும். கழிப்பறை இல்லாததுதான் பிரச்சினை, தசைப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது பாதிக்கப்பட்டவள் தலையிலேயே பொறுப்பைக் கட்டுவது என்று சில தோழர்கள் சொல்வார்கள். நாங்கள் பயிற்சி சொல்லிவிட்டோம், அந்த அம்மா செய்யவில்லை என்று மருத்துவர்கள் சொல்வார்கள். சமூகவியல் படிப்பவர்களுக்கு சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதியது நினைவிருக்கும். தனிமனிதத் தொல்லையையும் பொதுப் பிரச்சினையையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும் என்றார். பொருத்திப் பார்க்கச் சொன்னாரே தவிர, ஒன்றை வைத்து மற்றதை அழிக்கச் சொல்லவில்லை. புரட்சி வரும் வரை எங்கள் அம்மா நனைந்த புடவையோடு நிற்க வேண்டுமா? இன்று ராத்திரி அவர் தூங்க ஒரு வழி இருக்கும்போது அதை மறைப்பது அரசியல் ஆகாது. அதே போல, கழிப்பறை இல்லாத இடத்தில் கையேட்டைக் கொடுத்துவிட்டு அவரைக் குறை சொல்வது மருத்துவமும் ஆகாது.

அதனால் கோரிக்கையும் இரண்டு பக்கமும் பேச வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். பக்கவாதம் வந்தவருக்கும் மூட்டுவலிக்காரருக்கும் பயிற்சி கொடுக்கிறார். அதே வருகையில் இடுப்படித் தசைப் பயிற்சியும் சிறுநீர்ப்பைப் பயிற்சியும் சேர வேண்டும். பிரஷரும் சர்க்கரையும் கேட்கும் தன்னார்வலர், "இருமினால் கசிகிறதா" என்று ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கூடவே, தூய்மைப் பணியாளரின் ஒவ்வொரு பணிப்பகுதியிலும், உப்பளத்திலும், சூளையிலும், ஊரக வேலைத்தளத்திலும் தண்ணீரோடு கூடிய கழிப்பறையும், போய்வர நேரமும் வேண்டும். இவற்றைப் பிரித்துக் கேட்டால் ஒன்றைக் காட்டி மற்றதை மறுத்துவிடுவார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் விடுதியில் எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை, எத்தனையில் தண்ணீர் வருகிறது, எத்தனைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்று எண்ணுங்கள். காலையில் வரிசைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வகுப்புக்குப் போகும் தோழி உங்கள் பக்கத்திலேயே இருப்பார். அவருடைய சிறுநீர்ப்பையும் இப்போதே பழகிக்கொண்டிருக்கிறது. எண்ணியதைத் தேதியோடு எழுதி, கையெழுத்து வாங்கி, மனுவாகக் கொடுங்கள். அம்மாவிடமும் பாட்டியிடமும் கேளுங்கள். மகன்களும் கேட்கலாம், இது பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுங்க வேண்டாம். அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும்கூட இந்தத் தொல்லை வரும். அவர்கள் இன்னும் இறுக்கமாக மறைப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் பயிற்சி போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், அடிவயிற்று வலி, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, கால் மரத்துப்போவது, கீழே ஏதோ இறங்கியது போன்ற உணர்வு, பிரசவத்துக்குப் பின் இடைவிடாமல் ஒழுகுவது, இதில் எது இருந்தாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். சர்க்கரையும் சோதிக்க வேண்டும். அங்கே எடுத்த எடுப்பில் கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், பயிற்சி கொடுத்துப் பார்த்தீர்களா என்று கூடப் போகிறவர் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கத் தெரிந்த ஒருவர் கூட இருப்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்த வாரம் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குங்கள்.

ஜெய் பீம்.